கட்டளை போகும் வழி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விமானப்படை 2024-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஸியெரா நெவாடா என்னும் கம்பெனியுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒப்பந்தத் தொகை சுமார் 1,300 கோடி டாலர். கம்பெனி செய்து கொடுக்க வேண்டிய சரக்கு புதிய வெடிகுண்டுமன்று, புதிய ஏவுகணையுமன்று. சில ஆகாய விமானங்களேயாம். அணுகுண்டு யுத்தம் மூண்டு, தலைநகரமும் சேனாதிபதிகளின் காரியாலயங்களும் சாம்பலாகிப்போன பிற்பாடு, ஜனாதிபதியோ அவருடைய ஸ்தானத்தில் மிஞ்சியிருக்கும் வேறொருவரோ வானத்தில் பறந்துகொண்டே உத்தரவு பிறப்பிப்பதற்கான விமானங்கள் அவை. இந்த வேலைக்கென்று 1970-களில் சேவைக்கு வந்த நான்கு போயிங் விமானங்கள் மூப்படைந்துவிட்டபடியால் புதியவை வேண்டுமாம்.

இது பெருஞ்செலவொன்றின் ஒரு கூறு மாத்திரமே. அமெரிக்கக் காங்கிரஸ் மகாசபைக்கு வரவு செலவுக் கணக்கு ஆராய்ந்து கொடுக்கும் காரியாலயம் 2025-ஆம் வருஷம் ஏப்ரலில் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. 2025 முதல் 2034 முடியவுள்ள பத்து வருஷங்களில் அந்நாடு தன் அணு ஆயுதங்களின்மேல் 94,600 கோடி டாலர் செலவிட நேரும் என்பது கணக்கு. அதில் 7,900 கோடி டாலர், கட்டளைகளைக் கொண்டுசெல்லும் செய்தித் தொடர்புகளையும் முன்னெச்சரிக்கைக் கருவிகளையும் புதுப்பிப்பதற்காகும். இந்தத் தொகையை நமது ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் சிரமத்தை நேயர்களுக்கே விட்டுவிடுகிறோம்.

இத்தனை பொருள் கொடுத்து வாங்குவது யாது? ஒரு சிறு செய்தி போய்ச் சேருமென்ற நிச்சயமே. அணு ஆயுதம் வைத்திருக்கும் எந்தச் சர்க்காரும் தன் செய்திக் கம்பியினிடம் இரண்டு விஷயங்களை எதிர்பார்க்கிறது. அதிகாரமுள்ளவர் கட்டளையிட்டால், உலகமே கவிழ்ந்தாலும் அது உரிய சேனைக்குப் போய்ச் சேரவேண்டும். அதிகாரமில்லாதவன் பெயராலோ யந்திரத்தின் பிசகாலோ ஒருபோதும் போகக் கூடாது. நியாயஸ்தலங்களில் பழகியவர்களுக்கு இது புதிதன்று. வாரண்டில் யார் கையெழுத்து, யார் முத்திரை, யார் பெயர் என்று பாராமல் எந்த அமீனாவும் ஒரு வீட்டுப் படியேறக் கூடாதல்லவா?

ஆனால் மூன்றாவதாக ஒன்றுண்டு. “பொறுங்கள், இது தாக்குதலன்று; தவறு நேர்ந்துவிட்டது” என்ற செய்தி போவதற்கும் வழி வேண்டும். தன் சேனைக்கு மாத்திரமல்ல, பகைவனுடைய காதுக்கும் அது போகவேண்டும். சென்ற அறுபது எழுபது வருஷங்களில் உலகம் பல முறை பேராபத்தின் விளிம்பிற்குச் சென்று மீண்ட கதைகளைப் படிப்போருக்கு ஒரு விஷயம் தெளிவாகும். அடிக்கும் கட்டளை போகாததால் வந்த ஆபத்து அவற்றில் ஒன்றுகூட இல்லை. பொய்ச் செய்தி வந்ததாலும், நிறுத்தும் செய்தி வாராததாலும் வந்தவையே அவை.

1961-ஆம் வருஷம் நவம்பர் 24-ந் தேதியை எடுத்துக்கொள்வோம். ஒமாஹா நகருக்கருகிலிருந்த அமெரிக்கக் குண்டு விமானப்படைத் தலைமைக் காரியாலயத்துக்கும், கிரீன்லாந்தில் தூலே என்னுமிடத்திலிருந்த எச்சரிக்கை ரேடார் நிலையத்துக்கும் இடையே இருந்த தொடர்புகள் ஒரே சமயத்தில் அறுந்தன. வான்காப்புத் தலைமை நிலையத்தோடு இருந்த தொடர்பும் கூடவே போயிற்று. பகைவன் தாக்க வருவதானால் முதலில் நம் கண்ணைத்தான் குத்துவான் என்று எல்லோரும் எண்ணியிருந்த காலம் அது. விமானிகள் ஓடிப்போய்க் குண்டு விமானங்களில் ஏறி உத்தரவுக்குக் காத்திருந்தார்கள். தூலேக்கு மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்த ஒரு விமானத்தின் மூலமாக, நிலையம் க்ஷேமமாயிருக்கிறது என்று தெரிய வந்தது. விசாரித்ததில் கண்ட உண்மை வேடிக்கையானது. தனித்தனிப் பாதைகளில் போவதாக எண்ணிப் பணங்கொடுத்து வைத்திருந்த கம்பிகள் யாவும் கொலராடோவில் ஒரே இடைநிலையத்தின் வழியாகவே போய்க்கொண்டிருந்தன! அந்நிலையத்தில் நேர்ந்த சிறு கோளாறே காரணம்.

1980-ஆம் வருஷம் ஜூன் 3-ந் தேதி நடந்ததோ இன்னும் விசித்திரம். அமெரிக்க வான்காப்பு நிலையத்திலிருந்து மற்றத் தலைமை நிலையங்களுக்குக் கம்பி சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக இடைவிடாமல் ஒரு சோதனைச் செய்தி போய்க்கொண்டிருக்கும். வரும் ஏவுகணைகளின் எண்ணிக்கைக்குரிய இடத்தில் அதில் பூஜ்யங்கள் நிரப்பப்பட்டிருக்கும். அன்று அந்தப் பூஜ்யங்களுக்குப் பதிலாக 2 என்னும் எண் தோன்றலாயிற்று. சோவியத் ஏவுகணைகள் நூற்றுக்கணக்கில் வருகின்றன என்று யந்திரங்கள் அறிவித்தன. கெட்டுப்போயிருந்தது 46 ஸெண்டு விலையுள்ள ஒரு சில்லு. இதற்கு ஏழு மாதங்களுக்கு முன், 1979-ஆம் வருஷம் நவம்பர் 9-ந் தேதி, பயிற்சிக்காகத் தயாரித்திருந்த கற்பனை யுத்தம் மெய்யான யுத்தமாகக் கம்பியில் ஏறிப் போய்விட்டது. இரண்டு தடவையும் காப்பாற்றியது யந்திரமன்று. ரேடார்களையும் செயற்கைக் கோள்களையும் நேரே விசாரித்து, “ஒன்றும் வரவில்லையே” என்று சந்தேகித்த மனிதர்கள் சிலரே. அவர்களுக்குச் சந்தேகப்படச் சில நிமிஷங்கள் இருந்தன.

பழைய கருவிகளால்தானே இந்தக் கேடுகள், ஆகையால் புதியவை நல்லவையல்லவா என்று சிலர் வாதிப்பர். முழுதும் தள்ளத்தக்க வாதமன்று. 2010-ஆம் வருஷம் அக்டோபரில் வையோமிங் மாகாணத்தில் ஐம்பது ஏவுகணைகள் முக்கால் மணி நேரம் தங்கள் கட்டுப்பாட்டு அறைகளோடு தொடர்பற்று நின்றதற்கு, சரியாகப் பொருந்தாத ஒரு மின் அட்டையே காரணம். அதே தேசத்தில் அணு ஆயுதப் படைகளுக்கு அவசரக் கட்டளை அனுப்பும் ஒரு சாதனம், எட்டங்குல பிளாப்பித் தகடுகளைக்கொண்டு இயங்கும் 1970-களின் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்ததாக 2016-ஆம் வருஷத்துச் சர்க்கார் தணிக்கை அறிக்கை வெளிப்படுத்திற்று. உலகமே சிரித்தது. 2019-ல் தகடுகள் அகற்றப்பட்டன. ஆயினும் அந்தக் கிழட்டு யந்திரத்துக்கு ஒரு நற்குணமிருந்தது. வெளியுலக வலையோடு அதற்குச் சம்பந்தமேயில்லை. எந்தத் தூரதேசத்துத் திருடனும் அதனுள் நுழைய வழியில்லை. புதிய கருவி வேகமாயிருக்கும், விசாலமாயிருக்கும். அதன் கதவுகளும் அதிகமாயிருக்கும். புதுப்பிக்கிறவர்கள் எத்தனை கதவு திறக்கிறார்கள் என்பதைக் கணக்கிட்டே திறக்கவேண்டும்.

பகைவனுக்குச் செய்தி போகும் வழி எப்படிப் பிறந்தது என்பதை இங்கே சற்று விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறோம். 1962-ஆம் வருஷம் அக்டோபரில் கியூபா நெருக்கடியின்போது வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதர் டோப்ரினின், மாஸ்கோவுக்கு அவசரத் தந்தி அனுப்பவேண்டுமானால், தந்திக் கம்பெனியைக் கூப்பிடுவார். ஓர் இளைஞன் சைக்கிளில் வந்து வாங்கிக்கொண்டு போவான். அவன் வழியில் எங்கும் நின்று பேசாமல் நேரே தந்தியாபீசுக்குப் போகவேண்டுமே என்று தாம் பிரார்த்தித்ததாகப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். கோடிக்கணக்கான ஜனங்களின் உயிர் ஒரு சைக்கிள் பையனின் கால் வேகத்தில் இருந்தது! அக்டோபர் 26-ந் தேதி குருஷ்சேவ் எழுதிய நீண்ட கடிதம் மாஸ்கோவிலிருந்து வாஷிங்டனுக்கு வந்து முடிய அநேக மணி நேரமாயிற்று. 28-ந் தேதி ஏவுகணைகளை அகற்றிக்கொள்ளச் சம்மதித்தபோது, கடிதம் போய்ச் சேரத் தாமதமாகும் என்றஞ்சி, குருஷ்சேவ் அதை மாஸ்கோ ரேடியோவில் பகிரங்கமாக ஒலிபரப்பச் செய்தார்.

அதே நாட்களில் கடலுக்கடியில் நடந்தது அப்போது எவருக்கும் தெரியாது. அமெரிக்க நாசகாரிக் கப்பல்கள் சோவியத் நீர்மூழ்கிகளை மேலே வரச்செய்வதற்காகச் சிறிய பயிற்சி வெடிகளைப் போட்டன. இந்தச் சமிக்ஞையின் அர்த்தத்தை மாஸ்கோவுக்கு முன்கூட்டியே தெரிவித்துமிருந்தன. ஆனால் அந்தத் தகவல் நீர்மூழ்கிகளுக்குப் போய்ச் சேரவில்லை. அக்டோபர் 27-ந் தேதி, மாஸ்கோவோடு தொடர்பற்று, வெப்பத்தில் வெந்துகொண்டிருந்த பி-59 என்னும் நீர்மூழ்கியில் அணு முனை பொருத்திய டார்ப்பிடோ ஒன்றிருந்தது. மேலே யுத்தம் தொடங்கிவிட்டது போலும் என்று அதன் தலைவர் கருதி அதைத் தயார் செய்யச் சொன்னாரென்றும், உடனிருந்த வாசிலி அர்க்கிபோவ் என்னும் உத்தியோகஸ்தர் தடுத்து அமைதிப்படுத்தினாரென்றும் அக்கப்பலில் இருந்தவர்கள் பிற்காலத்தில் கூறினர். அங்கே தவறியது எது? கருவி இருந்தது, செய்தி அனுப்பப்பட்டது, வாங்கியவர் மாஸ்கோவில் இருந்தார். ஆழ்கடலிலிருந்த மனிதனுக்கு மட்டும் அது எட்டவில்லை.

இந்தப் பாடத்தின் பலனாக 1963-ஆம் வருஷம் ஜூன் 20-ந் தேதி ஜினீவாவில் இரு வல்லரசுகளும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஆகஸ்டு 30-ந் தேதி வாஷிங்டன், லண்டன், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்ஸிங்கி வழியாக மாஸ்கோ வரை நேர்த்தொடர்பு வேலை செய்யத் தொடங்கிற்று. சினிமாப் படங்களில் காட்டும் சிவப்பு டெலிபோன் வெறும் கற்பனை. வைத்தது டெலிபிரிண்டர். அமெரிக்கர் இங்கிலீஷிலும் ருஷ்யர் ருஷ்ய பாஷையிலும் எழுத்தில் அனுப்ப வேண்டும். பெறுகிறவர் மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சில் கோபமும் அவசரமும் மொழிபெயர்ப்புப் பிழையும் புகுந்துவிடும் என்பதற்காகவே வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த நிதானம் அது. 1967-ஆம் வருஷம் ஜூனில் அரபு–இஸ்ரேல் யுத்தத்தின்போது இந்தக் கம்பி உபயோகமாயிற்று. பின்னர் 1971-ல் செய்துகொண்ட உடன்படிக்கையால் செயற்கைக் கோள் வழியும், 1984-ல் செய்துகொண்டதால் படங்களையும் தேசப்படங்களையும் அனுப்பும் வசதியும் சேர்ந்தன. இந்தச் செலவுகளெல்லாம் சேர்ந்தாலும் மேலே சொன்ன விமான ஒப்பந்தத்தில் அற்பமான ஒரு பங்கே ஆகும் என்பது எம் அனுமானம்.

இனி, இக்காலத்துப் புதுப்பிப்பில் எமக்கு அச்சந்தரும் இரண்டு விஷயங்களைச் சொல்லுவோம்.

முதலாவது, ஒரே கம்பியில் பல செய்திகளைக் கலப்பது. அமெரிக்கா 2010 முதல் 2020 வரை ஆறு பாதுகாப்பான செயற்கைக் கோள்களை வானில் ஏற்றிற்று. அவை அணு ஆயுதக் கட்டளையையும் கொண்டுபோகும், சாதாரணப் போர்க்களத்துச் செய்தியையும் கொண்டுபோகும். சிக்கனமென்னவோ உண்மைதான். ஆனால் நாளை ஒரு சாதாரண யுத்தத்தில் பகைவன் போர்க்களச் செய்தியை நிறுத்த எண்ணி அக்கோளைத் தாக்கினானென்று வைத்துக்கொள்வோம். தாக்கப்பட்டவன் அதை எப்படி எடுத்துக்கொள்வான்? தன் அணு ஆயுதத்தின் கழுத்தையே நெரிக்க வருகிறான் என்று எண்ணுவதற்குச் சகல நியாயமும் இருக்கும். இந்த அபாயத்தை அமெரிக்கரே உணர்ந்து, இனி வரும் கோள்களில் இரு வேலைகளையும் பிரிக்க முற்பட்டிருக்கின்றனர். நல்ல காரியம்.

இரண்டாவது, மனிதனை விலக்கும் ஆசை. சோவியத் ருஷ்யா 1980-களில் பெரிமீட்டர் என்ற ஓர் ஏற்பாட்டைச் செய்துவைத்தது. தலைவர்கள் மாண்டுபோய்த் தொடர்புகள் அறுந்தாலும், விசேஷ ராக்கெட்டுகள் வானில் ஏறிப் பறந்துகொண்டே ஏவுகணைகளுக்கு உத்தரவை ஒலிபரப்பும். அங்கும்கூட நிலவறையில் சில உத்தியோகஸ்தர்களை இடையில் வைத்திருந்தார்கள். பிரிட்டனோ நேர்மாறு. அங்கே பிரதம மந்திரி பதவியேற்றவுடன் தம் கையாலேயே கடிதமெழுதி உறையிலிட்டு நீர்மூழ்கிகளின் இரும்புப் பெட்டிகளில் வைக்கச் செய்கிறார். தேசம் அழிந்து, எல்லா ஒலியும் அடங்கிவிட்டால் கப்பல் தலைவர் அதைப் பிரித்துப் படிக்கவேண்டும். பிரதம மந்திரி மாறினால் பிரிக்காமலே அழித்துவிடவேண்டும். செயற்கைக் கோள் யுகத்தில் கடைசி நம்பிக்கை பேனாவும் காகிதமும்! இப்பொழுது கம்ப்யூட்டர்களுக்கே செயற்கை அறிவு புகட்டி, செய்திகளைச் சலிக்கவும் ஆபத்தை நிதானிக்கவும் வைக்கலாம் என்று பேசுகிறார்கள். 2024-ஆம் வருஷம் நவம்பரில் லிமா நகரில் அமெரிக்க ஜனாதிபதி பைடனும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும், அணு ஆயுதத்தைப் பிரயோகிக்கும் தீர்மானம் மனிதர் கையிலேயே இருக்கவேண்டும் என்று ஒப்புக்கொண்டனர். வரவேற்கிறோம். ஆனால் யந்திரம் சலித்துக் கொடுத்ததை மட்டும், அதுவும் மூன்று நிமிஷ அவகாசத்தில், பார்த்துத் தலையசைக்கும் மனிதன் எவ்வளவு தூரம் தீர்மானித்தவனாவான்?

நமது சட்டத்தில் செஷன்ஸ் நீதிபதி ஒருவனுக்கு மரண தண்டனை விதித்தால், ஹைகோர்ட்டு ஊர்ஜிதம் செய்யாமல் அது நிறைவேறாது. அதன்மேல் சுப்ரீம் கோர்ட்டு, அதன்மேல் ஜனாதிபதியிடம் கருணை மனு. ஓருயிருக்கு இத்தனை தடைகளை நாகரிக சமூகம் வேண்டுமென்றே வைத்திருக்கிறது. தூக்கை நிறுத்தும் உத்தரவும் ஜாமீன் உத்தரவும் சிறைச்சாலைக்குத் தாமதமின்றிப் போய்ச் சேரவேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2022-ஆம் வருஷம் மார்ச்சு 31-ந் தேதி மின்வழித் தொடர்பு ஒன்றைத் தொடங்கியதும் நேயர்களுக்கு நினைவிருக்கலாம். விடுதலைக்கும் தடையுத்தரவுக்கும் அதிவேகக் கம்பி, தண்டனைக்கு நிதானம் என்பது அங்கே முறை. அணு ஆயுத உலகில் முறை தலைகீழாயிருக்கிறது. புறப்பட்டுவிட்ட ஏவுகணையைத் திரும்பக் கூப்பிடுவதற்கோ எந்தக் கம்பியும் கிடையாது.

இவையெல்லாம் அந்நிய நாட்டு விவகாரம் என்று நாம் இருந்துவிடலாகாது. நம் தேசமும் அணு ஆயுதம் தாங்கி நிற்கிறது. வெள்ளையரை எதிர்த்து 1799-ல் கயத்தாற்றில் தூக்கிலேறிய வீரன் கட்டபொம்மனின் பெயர் தாங்கிய கடற்படை ஒலிபரப்பு நிலையம் நம் திருநெல்வேலிச் சீமையில், விஜயநாராயணத்தில், 1990 முதல் இயங்கி வருகிறது. மிக நீண்ட ரேடியோ அலைகளைக்கொண்டு கடலில் மூழ்கியிருக்கும் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவது அதன் வேலை. சாதாரண ரேடியோ அலை உப்பு நீரில் உள்ளே போகாது. இந்த நீண்ட அலை சில பத்து மீட்டர் வரை இறங்கும். ஆனால் அது நத்தை வேகத்தில் எழுத்தெழுத்தாய்ப் போவது. போக்கு உண்டு, வரவு இல்லை. கீழேயிருப்பவர் கேட்கலாம், அதே வழியில் பதில் சொல்ல இயலாது. இதே போன்ற இரண்டாவது நிலையத்துக்குத் தெலுங்கானாவில் விக்காராபாத் ஜில்லா தாமகுண்டத்தில் 2024-ஆம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி பாதுகாப்பு மந்திரி ராஜ்நாத் சிங் அஸ்திவாரமிட்டார். காட்டு நிலம் 2,900 ஏக்கர் அதற்குப் போகிறது. ஐ.என்.எஸ். அரிஹந்த் தன் முதல் காவற்பயணத்தை முடித்ததாக 2018 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அதன் தம்பி அரிகாத் 2024 ஆகஸ்டில் கடற்படையில் சேர்ந்தது. ஆகவே கடலடிக்குச் செய்தி அனுப்பும் நிலையம் ஒன்றுக்கு இரண்டாக இருப்பது அவசியமே. 1961-ல் கொலராடோவில் கண்ட பிழையை நம்மவர் செய்யக் கூடாதல்லவா?

கட்டளையிடும் அதிகாரத்தில் நம் ஏற்பாடு செவ்வையானது என்றே கருதுகிறோம். 2003-ஆம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி சர்க்கார் வெளியிட்ட அறிக்கையின்படி, பிரதம மந்திரியின் தலைமையிலுள்ள அரசியல் சபை ஒன்றே அணு ஆயுதப் பிரயோகத்துக்கு உத்தரவளிக்கலாம். முதலில் பிரயோகிப்பதில்லை என்பது நம் கொள்கை. முதலில் அடிக்காதவனுக்கு நிமிஷக் கணக்கில் பறக்கவேண்டிய நிர்ப்பந்தமில்லை. இந்த அவகாசம் நம் கொள்கை நமக்களித்த செல்வம். எந்தப் புதுக் கருவியின் மோகத்திலும் அதை இழந்துவிடக் கூடாது.

பகைவனுக்குச் செய்தி போகும் வழியில்தான் எமக்குத் திருப்தியில்லை. நமக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே இராணுவ நடவடிக்கை டைரக்டர் ஜெனரல்களின் நேர் டெலிபோன் உண்டு. அதன் மதிப்பை 2025-ஆம் வருஷம் மே 10-ந் தேதி உலகம் கண்டது. அன்று பிற்பகல் 3 மணி 35 நிமிஷத்துக்குப் பாகிஸ்தான் டைரக்டர் ஜெனரல் நம்மவரைக் கூப்பிட்டார். 5 மணி முதல் சண்டையை நிறுத்துவதென்று முடிவாயிற்று. அன்றிரவு அது மீறப்பட்டதாக நம் சர்க்கார் குறை கூறிற்று. ஆயினும் 12-ந் தேதி மறுபடியும் அதே கம்பியில் பேசினார்கள்.

அந்தக் கம்பி இருக்கும்போதே 2022-ஆம் வருஷம் மார்ச்சு 9-ந் தேதி நடந்ததை நினைத்துப் பார்க்கவேண்டும். நம் தேசத்து ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பிப் பாகிஸ்தானின் பஞ்சாபில் மியான் சன்னு என்னும் ஊரருகில் விழுந்தது. தெய்வாதீனமாக உயிர்ச்சேதமில்லை. மறுநாள் பாகிஸ்தான் இராணுவம் அதைப் பகிரங்கப்படுத்திற்று. நம் பாதுகாப்பு இலாகா 11-ந் தேதி மாலையில்தான் வாய் திறந்து, பராமரிப்பின்போது நேர்ந்த யந்திரக் கோளாறு என்று வருத்தந் தெரிவித்தது. உடனே தங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பது பாகிஸ்தானின் புகார். இரு தேசங்களுக்குமிடையே உடன்படிக்கைகள் இல்லாமலில்லை. 2005-ல் செய்தது பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனைகளை முன்கூட்டி அறிவிப்பது பற்றியது. 2007-ல் செய்தது அணு ஆயுதங்கள் சம்பந்தமான விபத்துக்களைப் பற்றியது. வெடிமுனையில்லாத க்ரூஸ் ஏவுகணையொன்று கைதவறிக் கிளம்பினால், வாசகத்தை வரிவரியாகப் பார்க்கும் எந்த வக்கீலும் இரண்டிலும் அது அடங்காதென்றே சொல்லுவான். வானில் வரும்போதே அதன் வயிற்றில் என்ன இருக்கிறதென்று பகைவனுக்கு எப்படித் தெரியும்?

அவ்வருஷம் ஆகஸ்டில் விமானப்படை உத்தியோகஸ்தர்கள் மூவர் வேலையினின்று நீக்கப்பட்டனர். விசாரணையின் முழு அறிக்கை ஜனங்கள் முன் வைக்கப்படவில்லை. இராணுவ ரகசியம் என்றால் கருவியின் நுட்பத்தை மறைத்துக்கொள்ளட்டும். 9-ந் தேதி மாலை முதல் 11-ந் தேதி மாலை வரை டெல்லியில் அந்த டெலிபோனை எடுக்க யாருக்கு அதிகாரம் இருந்தது, யாருடைய உத்தரவுக்காகக் காத்திருந்தார்கள், அந்த விதி இன்று மாறியிருக்கிறதா, உடன்படிக்கையின் வாசகத்தை விரிவுபடுத்த நம் சர்க்கார் ஏதேனும் முயன்றதா என்பவை ரகசியமல்ல. தாமகுண்டத்துக்குப் பணம் ஒதுக்கும் பார்லிமெண்டில் தமிழ்நாட்டு அங்கத்தினர்களாவது இந்நான்கு கேள்விகளையும் அடுத்த பாதுகாப்பு மானியத்தின்மீது நடக்கும் விவாதத்தில் எழுப்புவார்களா?